கூட்டத்தில் ஒரு ‘ஏங்க’

பிரியமுள்ள மனைவிக்கு, நான் சௌக்கியம். உன் இடுப்பு வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போன வாரம் கம்பெனி வைத்த நெடுந்தூர ஓட்டத்தில் நானும் ஓடினேன். “மூச்ச மட்டும் கவனி. மனசு அலைஞ்சா காலு தானா நின்னுடும்” என்று ஃபோர்மேன் சொல்லியிருந்தார். கடைசி மேடு வரை மனசு அலையவே இல்லை. அங்கே கூட்டத்திலிருந்து “ஏங்க” என்று ஒரு பெண் குரல். இங்கே என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை என்பது மறந்து, நின்று திரும்பிவிட்டேன். பின்னால் வந்தவர் என்மேல் மோதி, அந்தப் பெண்ணுக்குக் கையசைத்துவிட்டு ஓடினார். கூப்பிட்டது அவர் சம்சாரம். எனக்கு முட்டியில் சிராய்ப்புதான், பயப்படாதே.

இங்குள்ள பனியன் உறுத்துகிறது, நம் ஊர்க் கடையில் வாங்கி இரண்டு அனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போக வண்டி வந்துவிட்டது. இனிமேல் போனில் எடுத்த எடுப்பில் “சாப்டீங்களா” என்று கேட்காதே. முதலில் “ஏங்க” என்று கூப்பிடு. நான் திரும்பிப் பார்க்கிறேன்.