இறுகிய அரைஞாண்

ஆடி 9, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். விறகு காயவில்லை.

மூத்த பேத்தி கோமதி நாமக்கல்லில் காலேஜ் சேர்ந்தாயிற்று. எங்கள் ஊரில் முதல் பெண். பேரன் சரவணனுக்கு ஓட்டத்தில் கப்பு. வைக்க இடமில்லை, அரிசிப் பானை மேல் இருக்கிறது. இன்றைக்குக் கடைக்குட்டி மலர் முறை. மகள் செல்வியின் குழந்தை, மூன்று வயது. முதல் பிறந்தநாளுக்குக் கட்டிய அரைஞாண் கயிறு இத்தனை நாள் தொளதொள. இன்று இறுகிவிட்டது. அவிழ்த்துப் பெரிதாகக் கட்டினேன். கன்னமும் உப்பல். சதை போட்டுவிட்டாள்.

வயசுக்கு ஏற்ற உயரம் இல்லை, எடை இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்க என்றாள் பால்வாடி டீச்சர். எங்கள் வம்சமே குட்டை என்றேன். இனி வந்து பார்க்கட்டும்.

சரவணன் போட்டோ எடுத்துத் திருப்பூருக்கு அனுப்பினான். பனியன் கம்பெனியில் செல்வி எல்லாருக்கும் காட்டினாளாம். ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டாள்.

ஆடி 11, புதன்

மூடுபனி. மலர் இரண்டு வாய்ச் சோறுதான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பால் விடாத வரட்டீயும் பன்னும்தான் இறங்கியது. ஆட்டுக்குட்டி பக்கத்தில் வந்தும் பார்க்கவில்லை. சிணுங்கல். முடி செம்பட்டை. தேங்காய் எண்ணெய் வாங்கணும்.

பக்கத்து வீட்டு ராசம்மா கிண்டல். "ஏனுங்கக்கா, நமக்குக் களி, பேத்திக்கு மட்டும் நெல்லுச்சோறா?"

ஆமாம். நாங்கள் தின்ற களியும் சாமையும் அவளுக்கு எதற்கு. வெள்ளைச் சோறுதான் ஊட்டுகிறேன்.

ஆடி 12, வியாழன்

டீச்சர் நர்ஸம்மாவோடு வந்தாள். கயிறு இறுகியதைச் சொன்னேன். நர்ஸம்மா மலரின் பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் விரல் பட்டது போல.

"இது சதை இல்லீங்கம்மா. நீர் கோத்திருக்கு. சத்தில்லாம வர்ற வீக்கம். என்ன குடுக்கறீங்க?"

நெல்லுச்சோறு என்றேன்.

"வெறுஞ்சோறா? பருப்பு, முட்டை?"

நானும் அழுத்திப் பார்த்தேன். இன்னொரு குழி.

உடனே பஸ். மலையடிவாரம் காரவள்ளி இறங்குவதற்குள் மலருக்கு இரண்டு வாந்தி. "அம்மாயி, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். அப்புறம் மடியில் துவண்டுவிட்டாள்.

ஆடி 15, ஞாயிறு

நாமக்கல் ஆஸ்பத்திரி. வெயில். கோமதி துணைக்கு. மூக்கில் குழாய், பால் கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் வீக்கம் வடியும், எடை இறங்கும், அதுதான் நல்லது என்றார் டாக்டரம்மா. பிள்ளை எடை குறையணும் என்று சாமி கும்பிடுகிறேன். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, இரண்டு நாள் போகட்டும் என்றார்.

திங்களன்று பெரிதாகக் கட்டிய கயிறும் இறுகிக் கிடக்கிறது. விரல் நுழையவில்லை. மணிக்கொரு தரம் பார்க்கிறேன்.

செல்வி பஸ் ஏறிவிட்டாள். போனில் ஒரே அழுகை. அவளிடம் இவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"அந்தப் போட்டோவ எடுத்துரு கண்ணு. அது மலரு இல்ல. இவ எலும்புந்தோலுமா ஆவட்டும். அன்னைக்குப் புதுசா ஒண்ணு புடிச்சுப் போடு."