கத்துகிறவளுக்குக் கடைசியில் கட்டுப்போட்ட அண்ணனுக்கு

உயிருக்கு உயிரான என் அண்ணனுக்கு,

நீ போன பிறகும் உன்மேல் கோபம் தீராத தங்கை எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. மத்திகிரி டவுன் பஸ்ஸில் இப்போதும் நிற்க இடமில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாத சேதி ஒன்று உண்டு. உன் இடத்தில் உன் கம்பெனிச் சிநேகிதன் மஞ்சு உட்கார்ந்துவிட்டான்.

கம்பெனியில் உன் மிஷினில் வேறு யாரையோ போட்டார்கள், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்வது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாம் கம்ப்யூட்டரில் ஆடுவோமே, அந்த விண்வெளி நிலையத்து ஆஸ்பத்திரியை. இன்டர்நெட்டில் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து ஆடுகிற அந்த ஆட்டத்தில் ஆளுக்கொரு வேலை. நான் குழாயும் ஒயரும் பழுது பார்ப்பேன். மஞ்சு வெளியே போய்க் கல் உடைத்து வருவான். நீதான் வைத்தியன். எங்கேயாவது ஏதாவது வெடித்துக்கொண்டே இருக்கும், உனக்கு ஓய்வே கிடையாது.

தீக்காயத்துக்குக் களிம்பு, வெட்டுக்குத் துணிக்கட்டு, எலும்பு முறிந்தால் அட்டை வைத்துக் கட்டு, விஷவாயு ஏறினால் ஊசி, சுவரில் ஓட்டை விழுந்து காற்றுப் போய்விட்டால் ஆக்ஸிஜன். எல்லாம் உனக்கு அத்துப்படி. ஆனால் யாருக்கு முதலில் என்பதில்தான் நமக்குச் சண்டை. "டேய் அண்ணா, கால் போச்சு, வாடா!" என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். அடுத்த நாற்காலியில் இருந்துகொண்டு நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய்.

"கத்துறவளுக்கு மூச்சு இருக்குதுன்னு அர்த்தம். இரு, வர்றேன்" என்பாய். சொல்லிவிட்டு மஞ்சுவிடம் ஓடுவாய். அவன் எப்போது பார்த்தாலும் சத்தமில்லாமல் விழுந்து கிடப்பான். அவனுக்குக் காற்று, அவனுக்கு ரத்தம், அவனுக்கு ஊசி. எனக்கு மிச்சமிருந்தால் களிம்பு.

வயிறு எரிந்தது அண்ணா. இப்போது சொல்வதில் என்ன வெட்கம்? ஷிப்ட் முழுக்க அவனோடு ஒரே லைனில் நிற்கிறாய். கேட் வாசலில் டீயும் அவனோடுதான். அவன் கர்நாடக பார்டர் தாண்டி அத்திப்பள்ளி போய்ச் சேர்வதற்குள் போன் வேறு போடுவாய். என்னோடு பேச உனக்கு அப்படி என்ன பஞ்சம்?

எல்லோருக்கும் வைத்தியம் பார்த்த நீ, உனக்கு வந்தபோது வாயைத் திறக்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்திருந்தாயாம். தூங்குகிறாய் என்று நினைத்தார்களாம். நெஞ்சு வலித்தபோது ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? சத்தமில்லாதவனிடம்தான் முதலில் ஓட வேண்டும் என்று தெரிந்த ஆள் அந்த பஸ்ஸிலேயே நீ ஒருவன்தானே.

உன்னை எடுத்த அன்றைக்கு மஞ்சு அழுத அழுகையைப் பார்த்து, வந்தவர்கள் எல்லாம் அவனைத்தான் தேற்றினார்கள். அதிலும் எனக்குப் பொறாமைதான், திட்டினால் திட்டிக்கொள். இப்போது லீவு கிடைத்தால் வீட்டுக்கு வந்துவிடுகிறான். அம்மாவும், "வா கண்ணு, களி ஆறிடும், உக்காரு" என்று உருகுகிறாள். என்னை அவன் 'தங்கி' என்று கூப்பிடுகிறான். கன்னடத்தில் தங்கையை அப்படித்தான் சொல்வார்களாம். நான் உனக்குத் தங்கை, சரி. அவனுக்கு எப்படி ஆனேன்?

வைத்தியன் இடத்தை எனக்குத் தரும்படிதான் கேட்டேன். நம் நிலையத்துக் கேப்டனாக ஆடுகிற சேலத்துக்காரர் எல்லோரையும் கேட்டார். எல்லோரும் மஞ்சு பெயரையே சொன்னார்கள். உன் கையில் அதிகம் கிடந்தவன் அவன்தானாம், உன் வழி அவனுக்குத்தான் தெரியுமாம். அன்றே முடிவு செய்தேன், உயிரே போனாலும் இவனைக் கூப்பிடுவதில்லை என்று.

போன ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. நான் பழுது பார்த்துக்கொண்டிருந்த குழாய் வெடித்தது. கை வெந்து, கால் முறிந்து, சுவரும் பிளந்து காற்றுப் போகிறது. ஹெட்போனில் நிலையத்துச் சமையல்காரன் விரலை வெட்டிக்கொண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். திரை மெல்ல இருட்டிக்கொண்டு வந்தது. வரட்டும் என்றிருந்தேன்.

சமையல்காரனைப் பாதிக் கட்டோடு விட்டுவிட்டு மஞ்சு ஓடி வந்தான். முதலில் காற்று, அப்புறம் கைக்குக் களிம்பு, அப்புறம் காலுக்குக் கட்டு. நீ செய்கிற வரிசை மாறவில்லை.

"யாக்கே தங்கி, ஏன் கத்தலை?" என்றான்.

"நான் கூப்பிடவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ கூப்பிடலைன்னுதான் ஓடி வந்தேன். டீ குடிக்கிறப்போ உங்கண்ணன் சொல்லுவான். 'என் தங்கச்சி சத்தம் கேக்குற வரைக்கும் எனக்குப் பயமே இல்லடா மஞ்சு. அது நின்னுபோச்சுன்னா, நீ செத்தா சாவுடான்னு உன்னைப் போட்டுட்டு அவகிட்ட ஓடிருவேன்'னு."

நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். அம்மா அடுப்படியிலிருந்து காலை இழுத்துக்கொண்டு வந்து, "என்னாச்சு கண்ணு?" என்றாள். "கேம்ல கால் ஒடிஞ்சிருச்சும்மா" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள்.

சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே. இப்போதுதான் கூடுதலாக எரிகிறது. அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்திருப்பாயாமே. அதை என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அடுத்த நாற்காலியில்தானே இருந்தேன். எனக்கு வர வேண்டிய வார்த்தையை டீக்கடையில் அவன் கையில் ஏன் கொடுத்தாய்? இன்னும் என்னவெல்லாம் கொடுத்து வைத்திருக்கிறாய்?

வைத்தியன் இடத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும், அது இனி எனக்கு வேண்டாம். அடுத்த லீவுக்கு அவன் வருவான். பக்கத்தில் உட்கார வைத்து, என்னைப் பற்றி நீ அவனிடம் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளப் போகிறேன். ஒன்றைக்கூட அவனிடம் விட்டுவைக்க மாட்டேன். சத்தியம்.

இப்படிக்கு,
உன் ஒரே தங்கை (அந்த 'ஒரே'யை மஞ்சுவும் படிக்கட்டும்),
ரேவதி