உப்பு போட்ட டப்பா

2006 பிப்ரவரி 2, வியாழன்

லாரிக்கு லோடு ஏறும்போது மேஸ்திரி பக்கத்தில் நின்று அதட்ட வேண்டும். நான் இன்று வரப்புக்குப் பின்னால் குந்திக்கொண்டு அதட்டினேன். பவுலு மேஸ்திரி குரல் வருது, ஆளைக் காணோம் என்று உப்பு தூக்கும் பெண்களெல்லாம் ஒரே சிரிப்பு.

பொங்கலிலிருந்தே வயிறு சரியில்லை. முறுக்கிப் பிடிக்கிறது. ஓடிப்போய் உட்கார்ந்தால் கொஞ்சம் சளிபோல வருகிறது. முடிந்தது என்று எழுந்தால், இன்னும் இருக்கிறது உட்கார் என்கிறது. நேற்று துணி துவைக்கும்போது என் பெண்சாதி இன்னாசி என் வேட்டியை விரித்துக் காட்டினாள். இரத்தம். என் மூஞ்சியையே பார்த்தாள். "சூடு," என்றேன். உப்பளத்துக்காரனுக்கு எது வந்தாலும் பேர் அதுதானே.

பிப்ரவரி 5, ஞாயிறு

தேவநாதன் தீர்ப்பு சொல்லிவிட்டான். மூலம். என்னோடு லோடு பார்க்கிறவன். அவனுக்கு மூலம் வந்து குணமானதிலிருந்து எவன் தும்மினாலும் மூலம்தான். துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும் தின்னணுமாம். "பத்து நாள்ல நிக்கலன்னா என் பேர மாத்திக்கிறேம்பா."

பிப்ரவரி 20, திங்கள்

துத்தி. கருணை. துத்தி. கருணை. தேவநாதனுக்கு என்ன பேர் வைக்கலாம்?

மார்ச் 1, புதன்

சாம்பல் புதன் பூசை. நெற்றியில் பூசிய சாம்பலோடு கோயில் பக்கவாசல் வழியாக ஓடியவன் எங்கள் பங்குச் சனத்திலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

மார்ச் 5, ஞாயிறு

பெரிய முதலியார்சாவடியிலிருந்து சம்பந்தி சவரிமுத்து வந்திருந்தார். ஈஸ்டர் முடிந்து மே பத்தாம் தேதி ஜான்சிக்குக் கல்யாணம், உறுதி. மகளைக் கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நான் கூட்டிப்போக வேண்டும். அப்புறம் முழுப் பூசை, பிரசங்கம், தாலி. அதுவரைக்கும் இந்த வயிறு சும்மா இருக்குமா? சாம்பல் பூசுகிற நேரத்துக்கே இருக்கவில்லையே.

ரொம்ப இளைச்சிட்டீங்களே என்று கேட்டார். தவக்கால நோன்பு என்று சொல்லிவிட்டேன். பெண் வீட்டில் ரொம்ப பக்தி என்று அவர் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்.

மார்ச் 7, செவ்வாய்

இன்னாசி விடவில்லை, பாண்டிக்குப் போனோம். டாக்டர் சின்னப் பெண், நம்ம ஜான்சியைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். இரத்தம் தனியாகச் சொட்டுகிறதா, கலந்து வருகிறதா, என்ன நிறம் என்று கேட்டாள். இருட்டோடு போகிறது, வரப்புக்கு அந்தப் பக்கம். குனிந்து எவன் பார்த்தான்? ஒன்பதாவதில் கணக்கு வாத்தியார் கேட்டபோதுகூட இப்படி நின்றதில்லை.

கையுறை போட்டுச் சோதித்துவிட்டு மூலம் இல்லை என்றாள். அத்தனை கருணைக்கிழங்கும் வீண். மோஷன் டெஸ்ட் பண்ணணுமாம், ஒரு டப்பாவில் கொண்டு வரச் சொன்னாள்.

மார்ச் 9, வியாழன்

டப்பா கொடுத்தாகிவிட்டது. விடிகாலையில் பிடித்தது பஸ்ஸில் பாண்டி போய்ச் சேருவதற்குள் வெயிலில் கெட்டுவிடும் என்று இரண்டு கை உப்பு போட்டுக் குலுக்கி, இறுக்கி மூடி, மேலே மஞ்சப்பை சுற்றிக்கொண்டேன். நம்ம ஊரில் மீனானாலும் மாங்காயானாலும் தூரம் போகிற சாமான் உப்போடுதான் போகும். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, பையில் என்ன கருவாடா, நல்லாயிருக்குமா என்று கேட்டாள். விற்பனைக்கு இல்லை என்றேன்.

மார்ச் 11, சனி

ரிப்போர்ட்டில் கிருமி எதுவும் இல்லை. சந்தோஷப்பட்டு எழுந்தேன், உட்காருங்க என்றாள். கிருமி இல்லாமல் இரத்தம் வருகிறது என்றால் உள்ளே புண் இருக்கலாம், கட்டியும் இருக்கலாம், பின்பக்கம் டியூப் விட்டுப் பார்த்துவிடலாம் என்றாள். ஏப்ரல் பதினெட்டு கொடுத்திருக்கிறாள்.

கட்டி. இன்னாசி வெளியே நின்றிருந்தாள். கேஸ் டிரபுள்தானாம் என்று சொல்லிவிட்டேன். பஸ் முழுக்க எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால்? கட்டியாவே இருந்தா — ஏன்டா பவுலு, மேஸ்திரி வேலை பார்த்து என்னத்தடா கண்ட? மே பத்து வரைக்கும் தாங்குனா போதும். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.

மார்ச் 24, வெள்ளி

ஓட்டம். அவ்வளவுதான் இன்று.

ஏப்ரல் 2, ஞாயிறு

கல்யாணச் சட்டை தைத்து வந்தது. டெய்லர் போன வருஷத்து அளவை வைத்தே தைத்துவிட்டான். போட்டுப் பார்த்தேன். வேலிக்குச்சியில் மாட்டிய மாதிரி தொங்கியது. நான்தான் முதலில் சிரித்தேன். ஜான்சி சிரிக்கவில்லை.

"நீ என்னமோ மறைக்கிற. எனக்கு கல்யாணம் அப்புறம் ஆவட்டும்பா. முதல்ல நீ சரியாவு."

கத்திவிட்டேன். தேதியைப் பற்றி இந்த வீட்டில் ஒருத்தரும் பேசக்கூடாது என்று கத்தினேன். கத்திக்கொண்டே ஓட வேண்டியிருந்தது. முழுசாகக் கோபப்படக்கூட விடாது இந்த வயிறு. திரும்பி வந்தால் வாசலிலேயே நிற்கிறாள். டியூப் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே என்றேன். பதினெட்டாம் தேதி நான் வர்றேன் என்றாள், அவ்வளவுதான்.

ஏப்ரல் 18, செவ்வாய்

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே நாளைக்கு நம்பிக்கை வராது.

டியூப் போடுவதற்கு முன்னால் டாக்டர் பழைய ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். முறுக்கு, சளி, இரத்தம் எல்லாம் அமீபா சீதபேதி மாதிரியே இருக்கு, டெஸ்ட்டில்தான் ஒன்றும் காணோம் என்றாள். டப்பாவை உடனே கொடுத்தீர்களா, எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"பத்திரமாத்தாங்க. கெட்டுப்போவக்கூடாதுன்னு ரெண்டு கை உப்பு போட்டுத்தான் கொண்டாந்தேன். எங்க பாத்தி உப்பு, சுத்தமானது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஜான்சி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அது என்ன கருவாடா?"

கிருமி உயிரோடு இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் நகர்வது தெரியுமாம். சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டுமாம். உப்பில் சுருங்கிச் செத்திருக்கும், அப்புறம் யாராலும் அடையாளம் சொல்ல முடியாது என்றாள். எந்த வாயால் சிரித்தாளோ அந்த வாயாலேயே, தப்பு என் மேலதாங்க, எப்படிக் கொண்டுவரணும்னு நான் சொல்லியிருக்கணும் என்றும் சொன்னாள்.

அங்கேயே கக்கூஸுக்கு அனுப்பினார்கள். என் வயிற்றைக் கெஞ்ச வேண்டியதில்லை. கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து ஒரு டீ குடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அமீபா. நன்றாக ஓடுகிறதாம். மாத்திரை சாப்பிட்டு நின்றுவிட்டால் டியூப் வேண்டாம், நிற்காவிட்டால் கட்டாயம் போட்டுப் பார்க்கணும் என்றாள்.

படியிறங்கும்போது ஜான்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உப்பைத் தப்பான இடத்தில் போட்டதற்கு ஒரு மாதத்துக்கு மேல் சாவுக்குப் பயந்தவன் இந்த ஜில்லாவிலேயே நான்தான்.

ஏப்ரல் 20, வியாழன்

மாத்திரை போட்டால் வாய் முழுக்கத் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி. சாராய வாசனைகூடப் படக்கூடாதாம். தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கணுமாம். உப்பளத்து டிரம்மில் எல்லாரும் ஒரே சொம்பை முக்கித்தான் குடிக்கிறோம். தேவநாதனிடம் சொன்னேன். காய்ச்சின தண்ணி குடிச்சா மூலம் வரும்பா என்கிறான்.

ஏப்ரல் 27, வியாழன்

காலையில் ஒரு தடவை. பகல் வெளிச்சத்தில் போய், குனிந்து பார்த்தேன். நல்ல நிறம்.

மே 10, புதன்

கோயில் பக்கவாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. எனக்காக ஜான்சிதான் போடச் சொல்லியிருக்கிறாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அவளைப் பீடம் வரைக்கும் கூட்டிப்போய் விட்டுவிட்டு முதல் பெஞ்சில் நின்றேன். சாமியார் பிரசங்கத்தை முடிக்கிற மாதிரி தெரியவில்லை. பேசட்டும், இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்றிருந்தது. தாலி ஏறும்போது மகள் திரும்பி முதலில் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல, நான் நிற்கிறேனா என்றுதான்.

அந்த நாற்காலி வீண் போகவில்லை. சம்பந்தி உட்கார்ந்திருந்தார். நடுவில் எழுந்து எழுந்து வெளியே போய் வந்தார்.

சாப்பாடு முடிந்ததும் என்னைப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தி, கொஞ்ச நாளாவே வயிறு சரியில்லீங்க சம்பந்தி, மூலம்னு சொல்றாங்க, கருணைக்கிழங்கு சாப்பிடுறேன் என்றார்.

"செவ்வாய்க்கிழமை நானே பாண்டிக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றேன். "டப்பா கிப்பா ஒண்ணும் எடுத்தாராதீங்க. வெறுங்கையோட வாங்க."