ஜீப்பில் மட்டும் வரும் தூக்கம்

ஆவணி 14, வியாழன்.

வீட்டில் வராத தூக்கம், ஏலத்தோட்ட வேலைக்குப் போடிமெட்டு ஏறும் ஜீப்பில் மட்டும் வந்து தொலைக்கிறது. அங்கே தூங்கினால் ராத்திரி வராது என்று டாக்டர் சொன்னார். அதனால் பக்கத்தில் உட்காரும் செல்வியிடம், நான் கண் மூடினால் கிள்ளச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அவள் கிள்ளவில்லை. தோட்டம் வரை தூங்கினேன். அந்தத் தூக்கம் எந்த மூலைக்கு? தூக்கக் கலக்கத்தில் பிஞ்சு ஏலக்காயை எல்லாம் பறித்துக் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இன்னொரு தடவைன்னா ஜீப்புல ஏறாத" என்றார்.

சாயங்காலம் செல்வியிடம் எரிந்து விழுந்தேன். "ஏண்டி கிள்ளல?"

"நான் எங்கிட்டுக்கா கிள்ள? உங்க மேல சாஞ்சு நானும்ல தூங்கிட்டேன். எனக்கும் ராவெல்லாம் பொட்டுத் தூக்கமில்ல."

இத்தனை நாள் சொல்லவே இல்லை, கழுதை. நாளையிலிருந்து நானும் அவளைக் கிள்ள வேண்டுமாம். சரி என்றேன். அவளைத் தூங்கவிடாமல் பார்ப்பதற்காவது நான் முழித்திருப்பேன்.