எட்டாயிரத்து எண்பதாம் கதவு

நவம்பர் 11, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. புத்தூரிலிருந்து கோப்பாய் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் முழங்காலுக்குக் கீழே முழுக்க ஈரம். மழைக்கோட்டில் வலது தோள் கிழிசல். தைக்க வேண்டும்.

8.10க்குக் கரண்ட் போனது. 8.40க்கு வந்தது. சேர்வர் எழும்பியது, ஆய்வுகூட மென்பொருள் எழும்பவில்லை. மூன்று கிழமைக்குள் நான்காம் தடவை. வைத்தியசாலை முழுவதும் என்னைத்தான் பார்த்தது.

நடப்பது ஒன்றேதான். சேர்வரைக் காக்கும் தீச்சுவரின் தொடக்க நிரல் முதலில் தகவல் போய்வரும் எல்லாக் கதவுகளையும் பூட்டும். பிறகு தேவையானவற்றை ஒவ்வொன்றாகத் திறக்கும். பூட்டுவதை ஒழுங்காகச் செய்கிறது. திறக்கிற இடத்தில் விழுந்துவிடுகிறது. தீச்சுவர் விழுந்தால் ஆய்வுகூட மென்பொருள் தொடங்காது. அப்படிக் கட்டியவன் நானே, பாதுகாப்புக்காக.

பிழைச் செய்தி: 8080 செல்லாத எண். ஆய்வுகூடக் கதவின் எண் அது.

8080 எப்படிச் செல்லாமல் போகும்? நிரலில் 8080 என்றுதான் இருக்கிறது. கையால் அதே வரியைத் தட்டினேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. 9.25க்கு எல்லாம் ஓடத் தொடங்கியது.

அதுவரை இரத்தப் பரிசோதனைக்காக வெறுவயிற்றோடு வாங்கில் இருந்த கிழவர்: "தம்பி, சீனி வருத்தம் எனக்கோ, உந்தப் பெட்டிக்கோ?" எல்லோரும் சிரித்தார்கள். பதிவு மேசையில் ஜெசிந்தாவும்.

சிரிக்கட்டும். வெள்ளிக்கிழமையே கடிதம் கொடுத்துவிட்டேன். தேநீர்க் கேத்தில் செருகுவதற்காக சேர்வரின் யூ.பி.எஸ்சை அவள் கழற்றியதைப் போன மாதம் கண்ணால் கண்டேன். திடீரென்று மின் அறுந்தால் கோப்புகள் கெடும். ஒன்றரைப் பக்கம், ஒரு சொல் கூடுதலில்லை. பணிப்பாளருக்கு. பிரதிகள் ஆறு: நிர்வாக சபைத் தலைவர், செயலாளர், கணக்காளர், ஆய்வுகூடம், தாதியர் பொறுப்பாளர், அறிவித்தல் பலகை.

இரண்டு வருடத்துக்கு முன் ஊழியர் கூட்டத்தில் அவள் சொன்னது: "அந்தாளுக்கு மெசினோடை மட்டும்தான் கதைக்கத் தெரியும்." அன்றும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று பெயர் சொல்வேன்.

நவம்பர் 12, புதன்

மழை விட்டது. எங்கும் இலையான் மொய்க்கிறது.

சபேசன் கூப்பிட்டான். இப்போது பணிப்பாளர். ஒரே வாங்கில் இருந்து படித்தோம், ஒளியியல் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு மருத்துவபீடம், எனக்குப் பௌதிகம். பிறருக்கு முன்னால் என்னை "நீர்" என்பான். தனியே இருந்தாலும் "நீர்"தான், இப்போது.

"நீர் எழுதின கடிதம் நல்ல கடிதம். நீதவானுக்கு எழுதின மாதிரி. அவ திங்கள் மட்டும் வீட்டிலை நிக்கட்டும். திங்கள் சபை கூடி வேலையாலை நிப்பாட்டும்."

நிப்பாட்டும். அவ்வளவு தூரம் நான் கேட்கவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். ரெலிபோன் வந்தது அவனுக்கு.

ஜெசிந்தா பையோடு சேர்வர் அறை வாசலில்.

"அண்ணை, கேத்தில் செருகினது உண்மை. ஒரே ஒரு நாள். நீங்கள் கத்தினதுக்குப் பிறகு அந்தப் பக்கம் கையே வைக்கேல்லை. உங்களுக்கும் தெரியும்."

"எனக்கு ஒண்டும் தெரியாது."

"அது உண்மைதான்," என்றுவிட்டுப் போனாள்.

அவள் வீடு குருநகரில், இரண்டு பஸ். பதினொரு வருடம் ஒரு நாள் பிந்தவில்லையாம். தாதி ஒருத்தி எனக்குக் கேட்கத்தக்கதாக மற்றவளுக்கு: "ஜெசியின்ரை மனிசன் முதுகு ஏலாமல் கடலுக்குப் போறேல்லை. இவவின்ரை சம்பளத்திலைதான் வீடு ஓடுது."

நவம்பர் 13, வியாழன்

யூ.பி.எஸ் செருகியைச் சுவரோடு சேர்த்து நாடா ஒட்டிவைத்திருந்தேன். இனி யார் கழற்றுகிறார்கள் பார்ப்போம் என்று.

பகல் 1.15க்குக் கரண்ட் போய் 2.30க்கு வந்தது. யூ.பி.எஸ் தன் கடமையைச் செய்தது. சேர்வர் முறைப்படி அணைந்தது. எதுவும் அறுபடவில்லை. நாடா ஒட்டியபடி. ஜெசிந்தா குருநகரில்.

எழும்பியபோது அதே செய்தி. 8080 செல்லாத எண்.

கையால் தட்டி ஓடவைத்தேன். சபேசன்: "ஏன் திரும்பவும்?" நான்: "பழைய பாதிப்பு." பொய். நாக்கு தானாகச் சொன்னது.

தோசை மா புளித்துவிட்டது. பாண் சாப்பிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

கோப்பில் இருந்த வரியை அழித்துவிட்டு, பழைய காப்புப் பிரதியிலிருந்து அதே வரியை எடுத்து ஒட்டினேன். விழுந்தது. கையால் தட்டினால் ஓடுகிறது, கோப்பிலிருந்து வாசித்தால் விழுகிறது. ஒரே வரி. இரண்டும் ஒரே வரி இல்லை என்று இவ்வளவு நாள் தோன்றாத மண்டை என்ன மண்டை.

மறைந்திருக்கும் எழுத்துகளையும் காட்டும்படி கட்டளை கொடுத்தேன். 8080இன் கடைசிப் பூச்சியத்துக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. தமிழ்த் தட்டச்சில், க்-உம் ஷ-உம் ஒட்டிக்கொள்ளாமலிருக்க நடுவில் போடுகிற குறி. அகலம் இல்லை, வடிவம் இல்லை, திரையில் எதுவுமே தெரியாது. இயந்திரத்துக்கு மட்டும் அது ஓர் எழுத்து.

மேல் வரியில் என் குறிப்பு: "ஆய்வுகூட முடிவுகள் வெளியேறும் கதவு." நிரலுக்குள் குறிப்புகளைத் தமிழில் எழுதுகிறவன் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவன்தான் என்று ஒரு பெருமை. குறிப்பை எழுதிவிட்டு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றாமலே எண்ணைத் தட்டியிருக்கிறேன். கை தவறி ஒரு விசை.

கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்டது: ஒக்ரோபர் 21. திருத்தியவர்: நான். காப்புப் பிரதி அதற்கு மறுநாள் எடுத்தது. அதிலும் அதே குறி, அதே கறள்.

அன்றைக்கு நிரலை ஓட்டிப் பார்க்கவில்லை. கதவைக் கையால் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பிறகு கரண்ட் போகும்போதுதான் அந்தக் கோப்பை இயந்திரம் வாசித்தது.

குறியை அழித்தேன். மத்தியானம் ஆட்கள் இல்லாத நேரம் வேண்டுமென்றே மூன்று தரம் அணைத்து எழுப்பினேன். மூன்று தரமும் எழும்பியது.

யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 15, சனி

வெயில். யாழ்ப்பாணத்தில் மழைக்கோட்டைத் தைக்கக் கொடுத்தேன். அங்கிருந்து குருநகர் கிட்டத்தானே.

ஜெசிந்தா மேசையில் கொப்பித் தாளோடு இருந்தாள். சபைக்குத் தன் பக்கத்தை எழுதுகிறாளாம். நாலு வரி எழுதி நாலும் வெட்டியிருந்தது. இருங்கோ என்று அவள் சொல்லவில்லை. நின்றபடி சொன்னேன். பிழை என்னுடையது, இப்படி ஓர் எழுத்து, இன்ன திகதி.

"சரி. உதை எனக்குச் சொல்லி என்ன? நான் செய்யேல்லை எண்டு எனக்கு முதலே தெரியும்."

"சபேசனிட்டைச் சொல்லுறன்."

"வாயாலையோ? எனக்கு எதிரா எழுதேக்கை மட்டும் ஆறு பிரதி போட்டனீங்கள். கக்கூஸ் கழுவ வாற சரசக்காவுக்கும் நான் கேத்தில்காரி. எழுதுங்கோ. அதே ஆறு இடத்துக்கும். பலகையிலையும் குத்துங்கோ."

உள்ளேயிருந்து புருஷன்: "ஆரப்பா?"

"சேர்வர்க்காரர். போப்போறார்."

நவம்பர் 16, ஞாயிறு

சபேசனுக்குப் போன் எடுத்தேன். கோயிலில் நிற்கிறான், மேளச்சத்தம்.

"இப்ப ஓடுதுதானே? பிறகென்ன, விடும்."

"ஜெசிந்தா?"

"இஞ்சை பாரும். உம்மடை கடிதத்தை வைச்சுத்தான் சபைக்கு அறிவிச்சனான். ஒராள் பொறுப்பெடுக்கத்தான் வேணும். அவ இல்லையெண்டால் நீர். யோசியும்."

யோசித்தேன். வயது ஐம்பத்திரண்டு. கொழும்பில் இனி ஒருவனும் எடுக்கமாட்டான். அவள் என்னைப் பற்றிச் சொன்னது இன்றைக்கும் எரிகிறது, நேற்று வாசலில் நிற்கவைத்ததும் சேர்த்து. மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. ஆனால் கேத்தில் செருகியதால் 8080 செல்லாமல் போனது என்று என் கையொப்பத்தோடு ஒரு தாள் பலகையில் தொங்குகிறது. இந்தத் தொழில் தெரிந்த எவன் வாசித்தாலும் என்னை மடையன் என்பான். சரியாகச் சொல்வான்.

இன்னொன்றும். "எனக்கு ஒண்டும் தெரியாது" என்று நான் சொன்னபோது எனக்குத் தெரியும், அவள் பிறகு தொடவில்லை என்று.

பின்னேரம் எழுதினேன். அரைப் பக்கம்.

நவம்பர் 17, திங்கள்

மூட்டம். 8.45க்குக் கடிதம் கொடுத்தேன். பிரதிகள் அதே ஆறு. ஏழாவதை, காலை வேலை முடிந்து பஸ்சில் போகும் சரசக்காவிடம் குருநகருக்குக் கொடுத்துவிட்டேன். பலகையில் பழையதைக் கழற்றப் போனால், பணிப்பாளர் சொல்லாமல் தொடக்கூடாதாம். பக்கத்தில் குத்தினேன். இரண்டையும் ஆட்கள் நின்று ஒப்பிட்டு வாசித்தார்கள்.

10 மணிக்குச் சபை. உள்ளே கூப்பிட்டார்கள். தலைவர் ஓய்வுபெற்ற அதிபர்.

"எங்கை, அந்த எழுத்தை எழுதிக் காட்டும் பாப்பம்."

"எழுதேலாது ஐயா. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத எழுத்துக்கோ ஒரு மனிசியை வீட்டை அனுப்பினீர்?"

சபேசன் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முடிவு: ஜெசிந்தா நாளையே வேலைக்கு வரலாம். நான் இந்த மாத முடிவோடு வேலையை விட்டு நிற்கலாம். கடவுச்சொற்கள், வரைபடம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். சபேசன் வெளியே வந்து தோளில் கை வைத்தான். "மச்சான்" என்றான். முப்பது வருடத்துக்குப் பிறகு. கையை எடுத்துவிட்டேன்.

2.20க்கு ரெலிபோன். குருநகர்.

"கடிதம் கிடைச்சுது. வடிவாத்தான் எழுதியிருக்கிறியள்."

"ம்."

"பேர் பிழை. எல்லாரும் ஜெசி, ஜெசி எண்டினம், நீங்கள் ஜெசிந்தாவாக்கிப் போட்டியள். பதிவிலை, அடையாள அட்டையிலை எல்லாம் யசிந்தா. ய. உங்கடை கடிதப்படி குற்றமில்லை எண்டு சொன்ன பொம்பிளை அங்கை வேலையே செய்யேல்லை."

முதற் கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

யசிந்தா. திருத்தி அடிக்க வேண்டும், ஆறும்.