பாதி உன்னுடையது, பாதி என்னுடையது

ஸ்டெல்லா, என் மாமன் மகளே,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள் என்ன கடிதம்? இப்போது செய்தி பெரியது, நீயோ மூன்று வருடமாகப் பதில் பேசாமல் இருக்கிறாய். அதனால் நம் கோயிலின் பங்கு மடலில், மயிலாப்பூர்ச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் படிக்கும்படியே எழுதுகிறேன். அவர்களில் சிலர் இதைப் படித்தே ஆக வேண்டும்.

நம் நிம்மியின் சிறுநீரகம் ஏன் கெட்டது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவளுக்கு ஆறு வயதில் காலையில் கண்ணிமை வீங்கி எழுந்தாளே, நினைவிருக்கிறதா? முதலில் பார்த்த டாக்டர் “குழந்தை கொஞ்சம் புஷ்டியாகுது, நல்லதுதானே” என்றார். அந்த ஆளை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதன்பிறகு தினமும் விடிந்ததும் அவளுடைய மூத்திரத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து கேஸ் அடுப்பில் காட்டுவாய். தெளிவாக இருந்தால் வீட்டில் காபி மணக்கும். மோர் மாதிரித் திரிந்தால் புரதம் போகிறது என்று அர்த்தம். அன்றைக்கு யாரும் யாரோடும் பேசமாட்டோம். ஸ்டீராய்டு கொடுத்தார்கள், கேட்கவில்லை. அதைவிடக் கடுமையான மாத்திரைகள் கொடுத்தார்கள், அதற்கும் கேட்கவில்லை. முகம் மட்டும் வட்டமானது. உயரம் நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் அவளை ‘பன்னு’ என்று கூப்பிட்டார்கள்.

அதையும் தாங்கிக்கொண்டாய். உன்னால் தாங்க முடியாதது பிலோ அக்காவின் ஒற்றை வாக்கியம். கிறிஸ்துமஸ், ஞானஸ்நானம், சாவு, எங்கே பார்த்தாலும் என் அக்கா அதைத்தான் சொல்வாள். “எங்க வீட்ல யாருக்கும் கிட்னி வியாதி கிடையாது.” உன் முகத்தைப் பார்க்காமல் உனக்குக் கேட்கும்படி சொல்வாள். “சரி அண்ணி” என்பாய். வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்ப்பாய், அந்தச் சத்தத்தில் எனக்கு எல்லாம் புரியும்.

நம் கல்யாணத்துக்கு அலைந்தவளே அவள்தான். அத்தை மகனும் மாமன் மகளும் என்பதால் ஆயரின், அதாவது பிஷப்பின், அனுமதி வேண்டும் என்றார் ஃபாதர். அதை வாங்கி வந்தவள் அவள். “சொந்தம் விட்டுப் போகக்கூடாது” என்றாள். சொந்தமாக இருந்த நீ, பிள்ளைக்கு வியாதி என்றதும் எப்படி வேற்று வீடானாய்? அதை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அடையாறில் அந்த ஆய்வுக்கூடத்துக்கு நீதான் என்னை இழுத்துப் போனாய். மருந்துக்கு அடங்காத குழந்தைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நம் மூவரின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். “நம்மள எலியாக்கி அவங்க பட்டம் வாங்குவாங்க” என்றேன். நீ சிரித்தாய். நான் சொன்னதில் பாதி சரிதான். அதன்பிறகு ஒரு போன்கூட இல்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் உன் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து ஒரே பகலில் போய்விட்டாய்.

போன மாதம் அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. டாக்டர் பர்வீன் என்று ஒரு பெண். நீ போனது அவருக்குத் தெரியாது. சொன்னதும் வருத்தம் சொல்லிவிட்டு, “மேடமோட சாம்பிள் பத்திரமா இருக்கு சார். அது இருந்ததாலதான் எங்களால கண்டுபிடிக்கவே முடிஞ்சுது” என்றார்.

அவர் விளக்கியதை உனக்குச் சொல்கிறேன். சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கட்டுவதற்கு ஒரு மரபணு வேண்டும். எல்லோருக்கும் அது இரண்டு பிரதி: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. உனக்கு ஒன்று பழுது. எனக்கும் ஒன்று, அதே இடத்தில் அதே பழுது. ஒன்று நன்றாக இருந்தாலே உடம்பு சமாளித்துக்கொள்ளும். நிம்மிக்கு இரண்டுமே பழுதாக வந்து சேர்ந்துவிட்டது. பாதி உன்னுடையது, பாதி என்னுடையது.

“நீங்களும் மேடமும் சொந்தமா சார்?” என்று கேட்டார்.

“மாமா பொண்ணு.”

“அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா பாட்டிகிட்டேருந்து வந்திருக்கணும். யார் மேலயும் தப்பு இல்ல சார்.”

“அத எழுதிக் குடுப்பீங்களா டாக்டர்? எங்க அக்காகிட்ட காட்டணும்.”

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

இந்த வகை நோய் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படவே செய்யாதாம். ஆகவே அந்த மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். நோய் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஒருநாள் வேறு சிறுநீரகம் பொருத்த வேண்டியிருக்கும். ஆனால் புதிதாக வைப்பதை இந்த நோய் பெரும்பாலும் தொடாது என்கிறார். என்னையும் பரிசோதித்துவிட்டார்கள்; இன்றைய நிலையில் நான் கொடுக்கலாம். இதைக் கேட்க நீ இருந்திருக்க வேண்டும்.

கடைசியாக அவர் ஒன்று கேட்டார். “உங்க குடும்பத்துல இப்போ யாராவது சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்றாங்களா?”

பண்ணுகிறார்கள் ஸ்டெல்லா. என் அக்கா மகன் ஜெரோமுக்கும் உன் அக்கா மகள் ஷீபாவுக்கும் நிச்சயமாகிவிட்டது. அவர்களே விரும்பியது. திருச்சபைச் சட்டப்படி தூரத்துச் சொந்தம், அனுமதிகூடத் தேவையில்லை. ஆனால் அதே பழுது இரண்டு பேரிடமும் இருக்கலாம். இருந்தால் இன்னொரு நிம்மி பிறக்கலாம்.

அன்று மாலையே கே.கே. நகரில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பட்டுப்புடவைகளைக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

“ஏன்டா சேவி, கல்யாண வீட்டுக்கு வந்து பேசுற பேச்சா இது?”

“ஒரு ரத்தப் பரிசோதனை. அவ்வளவுதான் அக்கா.”

“இத்தன வருஷம் மனசுல வெச்சிருந்து என் புள்ள கல்யாணத்துல கொட்ற. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? காலேஜ்ல உன்ன ஹெச்.ஓ.டி ஆக்கலன்னு பிரின்சிபால் ரிட்டயர்மென்ட்டுக்குக்கூடப் போகாதவன்தானே நீ!”

“போகலதான். அதுக்கும் இதுக்கும் என்ன?”

“ஞாயித்துக்கிழமை கல்யாண ஓலை வாசிக்கிறாங்க. தைரியம் இருந்தா கோயில்ல எந்திரிச்சுச் சொல்லு.”

சொல்லத்தான் நினைத்தேன். மூன்று ஞாயிறு வாசிக்கும் ஓலையில் முதல் ஓலை அன்று பூசை முடியும்போது ஃபாதர் இருவரின் பெயரையும் வாசித்தார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார். அக்கா முன் வரிசையில் இருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். எழுந்திருந்தால் எத்தனை வருடக் கணக்கு தீர்ந்திருக்கும்! ஆனால் என் வாயிலிருந்து வருவது டாக்டர் பர்வீனின் ஆராய்ச்சியாக யாருக்கும் கேட்காது, என் ஆத்திரமாகத்தான் கேட்கும். அது எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்தே இருந்தேன். உண்மை என் கையில் இருந்தும் அதைச் சொல்லத் தகாத ஆள் நான்தான் என்பது எவ்வளவு கசப்பு தெரியுமா?

வீட்டுக்கு வந்து நிம்மியிடம் சொன்னேன். பதினைந்து வயது. கேட்டுவிட்டு நேராக ஜெரோமுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில்.

“அத்தான், கல்யாண மாப்பிள்ள பிஸியா?”

“உனக்கு எப்பவும் ஃப்ரீ நிம்மி. சொல்லு.”

“என் கைல எத்தன ஊசி குத்தியிருக்காங்கன்னு எனக்கே தெரியாது. நீ ஒண்ணே ஒண்ணு குத்திக்கணும். ஷீபாவும்.”

“எதுக்கு?”

அவள் சொன்னாள். என்னைவிடத் தெளிவாக, என்னைவிடச் சுருக்கமாக. பிறகு, “கல்யாணத்த நிறுத்துன்னு சொல்லல. உனக்குப் பாப்பா பொறந்தா அத யாரும் பன்னுன்னு கூப்பிடக்கூடாது, அவ்வளவுதான்” என்றாள்.

ஜெரோம், “அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றான்.

என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் போய் ரத்தம் கொடுத்தார்கள். மூன்றாம் ஓலைக்கு முன்பே முடிவு வந்தது. ஷீபாவிடம் அந்தப் பழுது இல்லை. ஜெரோமிடம் ஒரு பிரதியில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது என்று டாக்டர் தைரியமாகச் சொல்லிவிட்டார். கல்யாணம் அடுத்த மாதம்.

பார்த்தாயா, ஜெரோமிடம் இருக்கிறது. அக்காவிடம் சொல்ல நான் எத்தனை வாக்கியம் தயார் செய்தேன் தெரியுமா? ஒன்றையும் சொல்ல வாய்ப்பு வரவில்லை. பழுது எந்த வழியாக வந்தது என்று பார்க்க அவள் ரத்தமும் வேண்டும் என்றார்கள். போன புதன்கிழமை அவளே ஆட்டோ பிடித்து அடையாறுக்கு வந்துவிட்டாள். நிம்மியை மாதாந்திரச் சோதனைக்கு அழைத்துப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன். என்னைத் தாண்டிப் போனாள். கையை நீட்டி உட்கார்ந்தாள்.

ரத்தம் எடுப்பவர் திருவல்லிக்கேணிக்காரர், வாய் ஓயாது. “கைய இறுக்கிக்காதம்மா, நரம்பு ஓடிக்கினு கீது பாரு. பேஷண்டுக்கு நீங்க இன்னா வேணும்?”

“அத்தை.”

“ஃபாரத்துல சைடு போடணும். அந்த நோவு பொண்ணுக்கு அப்பா சைடா வந்துச்சா, அம்மா சைடா?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நிம்மியைப் பார்த்தாள். ஸ்டீராய்டு வீக்கம் கொஞ்சம் வடிந்து உன் கன்ன எலும்பு அவள் முகத்தில் மேலே வந்திருக்கிறது.

“ரெண்டும் ஒரே வீடுதாம்பா,” என்றாள். “எங்க வீட்டு வியாதி.”

வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

அக்காவை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே, அதை இன்னும் முடிவு செய்யவில்லை. இதை எழுதட்டுமா என்று அவளிடமும் ஜெரோமிடமும் கேட்டேன். அவன் சரி என்றான். அவள், “எழுதிக்கோ, வேணாம்னா மட்டும் விட்டுடப் போறியா” என்றாள்.

உன் ரத்தத்தை ஆராய்ச்சிக்கு மேலும் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். இன்னும் எத்தனையோ வீடுகளில் ஒரு பெண் “சரி அண்ணி” என்று சொல்லிக்கொண்டிருப்பாள் அல்லவா? நிம்மிக்கு வேண்டிய நாளில் என் சிறுநீரகம் ஒன்று நல்ல நிலையில் இருக்கும்; அதற்காகவே இனிப்பை விட்டுவிட்டேன், பெசன்ட் நகர் கடற்கரையில் நடக்கிறேன். நீ உன் பாதியை ரத்தமாக முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். என் பாதியை நான் கொடுப்பேன்.

உன் அத்தை மகன், நிம்மியின் அப்பா,
சேவியர்