சித்தப்பா அடுக்கிய கல்

அன்புள்ள மகளுக்கு,

நீ அங்கே நலமாக இருப்பாய். இங்கேயும் எல்லாரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சித்தப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். கேட்க மாட்டேன். லீவில் வந்த மனுஷனைப் பாதியிலேயே பெட்டியோடு வாசலில் நிறுத்தினேன் என்பது உண்மைதான், மறுபடி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

நாங்கள் மூவரும் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கிய கதையை அவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல, நீயும் சேர்ந்து சிரித்திருக்கிறாய். "அண்ணனுக்குச் சின்ன வயசுலேருந்தே திசை தெரியாது" என்றாராமே. நடந்ததைக் கேள். அங்கே தடம் என்று எதுவும் கிடையாது, மூன்று மூன்றாகக் கல் அடுக்கி வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். நீங்களாக எங்கேயும் கல்லை அடுக்காதீர்கள் என்று ஜீப்பில் வந்த காவலர் இரண்டு தடவை சொன்னார். உன் சித்தப்பா நன்றாகத் தலையாட்டினார். வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில், அப்பா முன்னால் போய்விட்ட நேரம் பார்த்து, போகக்கூடாத பள்ளத்தின் வாயில் அழகாக மூன்று கல்லை அடுக்கி, பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்று படம் எடுத்துக்கொண்டார். கலைத்துவிடுங்கள் என்றேன். "அண்ணி, நீங்க எங்க வந்தாலும் வாத்தியாரம்மாதான்" என்று நடந்துவிட்டார்.

அதைத் தாண்டிக் குன்றில் ஏறும்போது பாதியிலேயே அப்பாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கல்லைப் பார்த்துக்கொண்டே கூடாரத்துக்குப் போய்விடுகிறேன் என்று தனியாகத் திரும்பினார். நாங்கள் இறங்கி வந்தபோது கூடாரத்தில் ஆள் இல்லை. நாலு மணி நேரம் கழித்து, அந்தப் பள்ளத்தின் கோடியில், காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைக் காவலர்தான் தூக்கி வந்தார். உதடு வெடித்துப் பேச்சு வரவில்லை. "என்னண்ணே, நேரா வர்ற வழிதானே?" என்றார் உன் சித்தப்பா.

இப்போது அப்பா கார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். மருந்துக் கடைக்குக்கூடத் துணைக்குக் கூப்பிடுகிறார். தனக்குப் புத்தி தடுமாறத் தொடங்கிவிட்டது என்று நம்புகிறார். கல்லைப் பற்றிச் சொன்னால், "என் தப்புக்கு என் தம்பி மேல பழி போடாதே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "நான்தாண்ணே அடுக்கினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றுதான் உன் சித்தப்பாவிடம் கேட்டேன். "அண்ணன் முன்னாடி நான் ஏன் அசிங்கப்படணும்?" என்றார். அதன்பிறகுதான் பெட்டி வெளியே போனது. உனக்கு நியாயம் பேச நேரம் இருக்கிறது, அப்பாவுக்கு ஒரு போன் போட நேரமில்லை.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில் எழுதினாலும் உன்னை வாழ்த்தாமல் எனக்குக் கடிதம் முடியாது, நன்றாக இரு.

மறக்காமல் ஒன்று செய். நீ ஹார்ட் போட்ட அந்தக் கல் படத்தைச் சித்தப்பா நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிட்டார், உன் போனில் இருக்கும். அதை அப்பாவுக்கு அனுப்பு, நீ சொன்னால் நம்புவார். யார் எடுத்த படம் என்று கேட்பார். அம்மா என்று சொல். கல்லைத் தன் கையால் கலைக்காமல் வந்தவளும் அம்மாதான் என்று சொல். அதை மட்டும் நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா